மாத்திரை ஊட்டும் குழல்: 28 நாள் பயன்படுத்திய பின்

எங்கள் வீட்டுச் சிப்பிப்பாறைக் கலப்பு நாய்க்குச் சென்ற ஆவணியில் உண்ணிக் காய்ச்சல் வந்தது. இரத்தப் பரிசோதனையில் தட்டணுக்கள் மிகவும் குறைந்திருந்ததால், டாக்ஸிசைக்ளின் 100 மில்லிகிராம் மாத்திரையைக் காலையும் இரவும் 28 நாள் தவறாமல் கொடுக்க வேண்டும் என்று கால்நடை மருத்துவர் எழுதிக் கொடுத்தார். 18 கிலோ எடையும் எலும்பை நொறுக்கும் தாடையும் உள்ள ஒரு பிராணியின் வாய்க்குள் 56 முறை கையை விட வேண்டும் என்ற கணக்கு மனத்தில் பதிந்த பிறகுதான், 220 ரூபாய் கொடுத்து மாத்திரை ஊட்டும் குழல் ஒன்றை வாங்கினேன். கடைகளில் 'பில் பாப்பர்' என்று கேட்டால் எடுத்துத் தருகிறார்கள்.

பார்ப்பதற்கு அது ஊசியில்லாத நீண்ட சிரிஞ்சு போலத்தான் இருக்கிறது. முனையில் உள்ள மெல்லிய இரப்பர் வாய் மாத்திரையைக் கவ்விக்கொள்ள, பின்னால் உள்ள தண்டை அழுத்தினால் மாத்திரை வெளியே தள்ளப்படுகிறது. இதன் பயன் முழுவதும் அந்த நீளத்தில்தான் அடங்கியிருக்கிறது. நாய் மாத்திரையைத் துப்புவதற்குக் காரணம், நாம் பயத்தில் அதை நாக்கின் நடுப்பகுதியிலேயே போட்டுவிட்டுக் கையை இழுத்துக்கொள்வது. நாக்கின் மேட்டைத் தாண்டி அடிநாக்கில் விழுந்த மாத்திரையை விழுங்குவது அதற்கு எளிது, துப்புவது கடினம். அந்த இடம் வரை விரலுக்குப் பதிலாகக் குழல் போகிறது.

முதல் முயற்சியில் நேருக்கு நேர் நின்று குழலை நீட்டியதால் நாய் பின்வாங்கிக் கட்டிலுக்கடியில் புகுந்துகொண்டது. அடுத்த முயற்சியில் மருத்துவர் செய்து காட்டியபடி அதைச் சுவரோரம் உட்காரவைத்து, பக்கவாட்டில் அமர்ந்து, மேல்தாடையைக் கோரைப்பற்களுக்குப் பின்னால் பிடித்துத் தலையைச் சற்றே உயர்த்தியபோது கீழ்த்தாடை தானாகவே தளர்ந்தது. குழலை நாக்கின் மேலாகச் செலுத்தி, தண்டை அழுத்தி, வாயை மூடித் தொண்டையைத் தடவிக் கொடுத்தேன். நாய் நாக்கால் மூக்கை நக்கியது. விழுங்கிவிட்டது என்பதற்கு அதுவே அடையாளம். எல்லாம் பத்து நொடிகளில் முடிந்துவிட்டது.

கருவியோடு வரும் அட்டையில் குறிப்பிடப்படாத முக்கியமான செய்தி ஒன்று உண்டு. டாக்ஸிசைக்ளின் உணவுக்குழாயில் ஒட்டிக்கொண்டால் அங்கே புண்ணை உண்டாக்கக்கூடிய மருந்து. ஆகவே வெறும் மாத்திரையை இப்படி உள்ளே தள்ளிவிட்டு எழுந்து போய்விடக் கூடாது. உடனே சிறிது தண்ணீரோ உணவோ கொடுக்க வேண்டும். நான் வேறொரு சிரிஞ்சில் ஐந்து மில்லிலிட்டர் தண்ணீரை எடுத்துக் கன்னத்துக்கும் பல்லுக்கும் இடையே மெதுவாக விட்டேன். தொண்டைக்குள் நேராகப் பீய்ச்சினால் தண்ணீர் நுரையீரலுக்குள் போகும் ஆபத்து உண்டு.

குறைகளில் பெரியது இரப்பர் முனை. முதல் வாரம் மாத்திரையை உறுதியாகக் கவ்விய அது, வெந்நீரில் கழுவிக் கழுவித் தளர்ந்து, மூன்றாம் வாரத்தில் ஒருநாள் மாத்திரையோடு சேர்ந்து நாயின் வாய்க்குள் கழன்று விழுந்தது. நல்ல வேளையாக அது நாக்கின் ஓரத்தில் நின்றதால் எடுத்துவிட்டேன். இன்னும் சற்று உள்ளே போயிருந்தால் உண்ணிக் காய்ச்சலை விடப் பெரிய செலவில் முடிந்திருக்கும். புதிய முனையைத் தனியாக விற்பதில்லை என்று கடையில் சொன்னார்கள். மேலும், அரை மாத்திரையாக உடைத்துக் கொடுக்க வேண்டியவர்களுக்கு இக்கருவி அவ்வளவாக உதவாது. உடைந்த விளிம்பை முனை சரியாகக் கவ்வுவதில்லை.

இவ்வளவும் சொன்ன பிறகு ஓர் உண்மையை ஒப்புக்கொள்ள வேண்டும்: அந்த 56 வேளைகளில் பாதிக்கு மேல் என் தாயார் இந்தக் குழலைத் தொடாமலேயே ஊட்டி முடித்தார். இட்லியை வேகவைத்த கோழி ஈரலோடு பிசைந்து மூன்று சிறு உருண்டைகளாகப் பிடிப்பார். முதல் உருண்டை வெறும் உருண்டை, இரண்டாவதில் மாத்திரை, அதை நாய் கவ்வும்போதே மூன்றாவதை மூக்கின் முன்னே காட்டுவார். அதைப் பிடிக்கும் அவசரத்தில் நாய் இரண்டாவதை மெல்லாமல் விழுங்கிவிடும். மாத்திரையைத் தொட்ட கையால் மற்ற உருண்டைகளைத் தொடக் கூடாது என்பதில் அவர் கண்டிப்பானவர், ஏனென்றால் கசப்பு நெடியை ஒருமுறை கண்டுகொண்ட நாய் அடுத்த நாள் இட்லியையே சந்தேகிக்கும். தயிர்சாதத்தில் வைக்கலாமே என்று நான் கேட்டதற்கு மருத்துவர் தடுத்துவிட்டார். பாலிலும் தயிரிலும் உள்ள சுண்ணாம்புச் சத்து இந்த மருந்து உடலில் சேர்வதைக் குறைக்கக்கூடும். வேர்க்கடலை வெண்ணெயில் வைப்பவர்கள் புட்டியின் மேல் சைலிட்டால் என்ற இனிப்பு குறிப்பிடப்பட்டிருக்கிறதா என்று பார்த்துக்கொள்வது நல்லது. அது நாய்க்கு நஞ்சு.

ஆகவே, நன்றாகச் சாப்பிடும் நாய் வைத்திருப்பவர்களுக்கு இந்தக் குழல் தேவையே இல்லை. எங்கள் நாய் காய்ச்சலின் முதல் நான்கு நாட்கள் ஈரலைக்கூட முகர்ந்து பார்க்காமல் படுத்திருந்தது. அந்த எட்டு வேளைகளும் இக்கருவியால்தான் தவறாமல் நடந்தன, அதற்கு 220 ரூபாய் தகும். வாங்குவதானால் முனையும் குழலும் ஒரே வார்ப்பாக உள்ளதா என்று பாருங்கள். இரப்பர் முனை தனியாகச் செருகப்பட்டிருந்தால், பணம் கொடுப்பதற்கு முன் அதைக் கடையிலேயே அழுத்தமாக இழுத்துப் பாருங்கள்.