மலையக வீட்டில் தண்ணீரை எங்கே நிறுத்துவது?

பல மாதம் பூட்டிக் கிடந்த வீட்டை விடுமுறைக்குத் திறக்கிறவர்கள், பெட்டிகளை இறக்கும் முன்பே வால்வுகளைத் தேடி வைத்துவிட வேண்டும். ஹட்டன், தலவாக்கலைப் பக்கம் கேட்டால் ஆளுக்கொரு திசையில் கைகாட்டுகிறார்கள்.

நீர் வழங்கல் சபை இணைப்பென்றால் மீட்டர் பெரும்பாலும் ரோட்டோர எல்லையில் இருக்கும். மீட்டருக்கு முன்னால் உள்ள வால்வு சபையுடையது. அதைத் தொடாதீர்கள், அங்கே கசிந்தால் 1939க்கு அழையுங்கள். மீட்டரைத் தாண்டி வீட்டுப் பக்கம் இருப்பதே நம்முடையது. சரிந்த மண்ணில் புதைந்திருந்தால் கையால் தோண்டுங்கள். மண்வெட்டி பட்டால் பிவிசி உடையும்.

அதை மூடிய பிறகும் குசினியில் தண்ணீர் வரும். கூரைத் தாங்கியில் நிற்கும் 500 அல்லது 1000 லீற்றர் இறங்கிக்கொண்டுதானே இருக்கும்! வீட்டுக்குள் குழாய் உடைந்தால் மூட வேண்டியது, தாங்கியின் அடியிலிருந்து இறங்கும் குழாயின் வால்வை. ஏணி எங்கே என்றும் கேட்டு வையுங்கள்.

பழைய பித்தளை கேட் வால்வு இறுகியிருந்தால் முறுக்கித் திணிக்காதீர்கள், தண்டு முறியும். கொஞ்சம் எண்ணெய் விட்டு, முன்னும் பின்னுமாகச் சிறிது சிறிதாக அசையுங்கள்.

மலையில் உண்மையான தொல்லை அமுக்கம்தான். 10 மீற்றர் உயரத்துக்கு ஏறக்குறைய 1 பார் (அமுக்கத்தை அளக்கும் அலகு). மலை ஊற்றுத் தண்ணீரைச் சேர்க்கும் தாங்கிக்கு 60 மீற்றர் கீழே உள்ள வீட்டில், யாரும் தண்ணீர் எடுக்காத நடுச்சாமத்தில் 6 பார் முழுதாக நிற்கும். பகலில் ஒழுகாத மூட்டு இரவில் பிய்த்துக்கொள்வது இதனால்தான். 600 ரகப் பிவிசி தாங்குவதே அந்த 6 பார்தான். இப்படிப்பட்ட இடத்துக்கு 1000 ரகம் போடச் சொல்லுங்கள்.

இந்த அமுக்கத்தை வீட்டுக்குள் குறைக்க, அமுக்கக் குறைப்பு வால்வை வீட்டு வால்வுக்கு அடுத்து, அம்புக்குறி தண்ணீர் ஓடும் பக்கம் பார்க்கப் பொருத்த வேண்டும். அதற்கு முன்னால் வடிகட்டி, பின்னால் அமுக்கமானி. எல்லாக் குழாய்களையும் மூடி, பூட்டு நட்டைத் தளர்த்தி, திருகைக் கால் சுற்றாகத் திருப்பி 3 பாரில் நிறுத்துங்கள். குறைக்கும்போது ஒவ்வொரு முறையும் ஒரு குழாயைத் திறந்து மூடினால்தான் மானி இறங்கும். ஊற்றுத் தண்ணீரின் மணல் உள்ளே சிக்கினால் வால்வு முழுதாக அடைபடாமல் அமுக்கம் மெல்ல ஏறும். மழைக்குப் பிறகு வடிகட்டியைக் கழுவுவது கட்டாயம்.

லயத்து (தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகள்) பொதுக் குழாயில் மேல் வால்வை மூடினால் எல்லா வீட்டுக்கும் நின்றுவிடும். முதலில் அயலாரிடம் சொல்லுங்கள், அவர்கள் குடங்களை நிரப்பிக்கொள்ளட்டும். திரும்பத் திறக்கும்போது ஆக உயரத்திலுள்ள குழாயைத் திறந்து வைத்து, வால்வை மெல்லத் திருப்புங்கள்; காற்று சீறி முடிந்து தண்ணீர் சீராக வந்த பிறகே முழுதாகத் திறக்கலாம்.