கடலோர வீட்டுல ஏசி: அவுட்டோர் ஸ்டார்ட் ஆகலன்னா கேஸ் தான் காரணம்னு நினைக்காதீங்க

குளச்சல்ல கடலுக்கு கூப்பிடு தூரத்துல தான் நம்ம வீடு, இங்க ஒன்றரை டன் ஸ்பிளிட் ஏசி பல வருஷமா ஓடிட்டு கெடக்கு, கம்ப்ரசர் வேகத்த தேவைக்கு கூட்டி குறைக்கிற இன்வெர்ட்டர் ஏசி இல்ல, பழைய டைப்பு. குளிர்ச்சில ஒரு குறையும் சொல்ல முடியாது, சித்திரை வெக்கையிலயும் ரூம் நல்லா குளுந்துரும். தொந்தரவு குடுத்ததெல்லாம் வெளிய மாட்டிருக்க பெட்டி, அதாவது கம்ப்ரசர் இருக்க அவுட்டோர் தான். உள்ள காத்து வரும், டிஸ்பிளேல 24 காட்டும், ஆனா வர்றது வெறும் ஃபேன் காத்து.

ஆளு வந்து பாத்த உடனே கேஸ் போச்சுன்னு தான் சொல்லுவாங்க. நம்பாதீங்க. நார்மல் ஏசியில கேஸ் கொஞ்சம் குறைஞ்சா கம்ப்ரசர் பாட்டுக்கு ஓடும், குளிர் தான் குறையும், காயில்ல ஐஸ் கட்டும். பெட்ரோல் மாதிரி ஓட ஓட தீர்ற சாமானும் இல்ல அது, எங்கயாவது லீக் இருந்தா தான் குறையும். கம்ப்ரசர் ஸ்டார்ட்டே ஆகலன்னா முதல்ல பாக்க வேண்டியது கரண்டு பக்கம்.

ரிமோட்ட கூல் மோட்ல வச்சு 18க்கு இறக்கிட்டு ஒரு மூணு நிமிஷம் பொறுங்க, ஏன்னா ஆஃப் பண்ணி ஆன் பண்ணுனா கம்ப்ரசர் உடனே எடுக்காது, அந்த டிலே வேணும்னே வச்சிருக்கது. அப்புறம் வெளிய போயி காது குடுத்து கேளுங்க. எங்க வீட்டுல முதல்ல வந்தது, ஃபேன் சுத்தும், கம்ப்ரசர்ல இருந்து ம்ம்ம்ம்னு ஒரு முனகல், சில செகண்டுல டக்குன்னு ஒரு சத்தம், அதோட நின்னுரும், கொஞ்ச நேரம் கழிச்சு திரும்பவும் அதே முனகல் அதே டக்கு. ஒருத்தர் வந்து பாத்துட்டு கம்ப்ரசரே மாத்தணும்னு சொல்லிட்டு போனாரு, அப்புறமா பக்கத்து தெரு அண்ணாச்சி சொல்லி இன்னொரு மெக்கானிக் வந்தாரு, அவரு கவர கழத்துன உடனே விஷயம் தெரிஞ்சு போச்சு.

உள்ள வெள்ளி கலர் டப்பா மாதிரி ரன் கப்பாசிட்டர், மேல் மூடி தட்டையா இருக்க வேண்டியது உப்பி நிக்குது, அதுல மாட்டிருந்த கிளிப்பு பூரா பச்ச பச்சயா பூத்து போயி, வயர் மேல இருந்த ஸ்லீவ் கருகிருக்கு, லேசா தொட்டதும் கிளிப்பு ஒடிஞ்சு கையோட வந்துட்டு. மேல 45 மைக்ரோஃபாரட், கூடக்கொறைய 5 சதவீதம்னு போட்டிருக்கு, மீட்டர்ல வச்சா முப்பது கூட காட்டல. கம்ப்ரசர் மோட்டார சுத்த வைக்கிற தள்ளு இது வழியா தான் கிடைக்கு, அது வீக் ஆனா மோட்டார் நின்ன இடத்துலயே நின்னு கரண்ட இழுத்து சூடாகும், ஓவர்லோடு பாதுகாப்பு கட் பண்ணும், அது தான் அந்த டக்கு. அப்படி சத்தம் கேட்டா ஏசிய ஓட விடாம அமத்திருங்க, இல்லன்னா மோட்டாருக்குள்ள சுத்திருக்க கம்பி கருகி நிஜமாவே கம்ப்ரசர் போயிரும். கப்பாசிட்டர், புது கிளிப்பு எல்லாம் சேத்து சில நூறு ரூபாய்ல முடிஞ்சு போச்சு. ஆனா மெயின் ஆஃப் பண்ணுன பிறகும் கப்பாசிட்டர் சார்ஜ பிடிச்சு வச்சிருக்கும், ஷாக் பலமா அடிக்கும், அதனால தெரியாதவங்க கைய விட வேண்டாம், மெக்கானிக் பாத்துக்கிடட்டும்.

ஃபேனும் சுத்தல, சத்தமே இல்லன்னா கதை வேற. அவுட்டோருக்கு கரண்டே வரலன்னு அர்த்தம். எங்களுக்கு அதுவும் வந்துச்சு, இன்டோர்ல இருந்து போற வயர்ல சுவருக்கு வெளிய ஒரு ஜாயிண்ட் போட்டு டேப் சுத்தி விட்டிருந்தாங்க, மழையும் உப்பும் உள்ள போயி காப்பர் கருத்து பொடிப்பொடியா வந்துச்சு, ஜாயிண்ட் இல்லாம புது வயர் இழுத்தோம். புதுசா மாட்டுறவங்க வெளிய ஜாயிண்ட் போட விடவே செய்யாதீங்க. சில வீட்டுல இன்டோர் போர்டுல அவுட்டோருக்கு கரண்ட் விடுற சுவிட்ச் மாதிரி இருக்க ரிலே போயிருக்கும், எறும்பு பல்லி புகுந்து ஷார்ட் ஆனதும் உண்டு. ராத்திரி மட்டும் தான் ஸ்டார்ட் ஆகலன்னா வோல்டேஜ் பாருங்க, 230 வரவேண்டிய இடத்துல 170க்கு கீழ போச்சுன்னா ஸ்டெபிலைசர் கட் பண்ணிரும், இல்லன்னா கம்ப்ரசர் எடுக்காம முனகும்.

இதுக்கெல்லாம் பெரிய காரணம் உப்புக்காத்து தான், ஆனி ஆடில கச்சான், அதான் மேக்கால இருந்து வர்ற காத்து, அடிக்கும்போ ஜன்னல் கம்பியிலயே பிசுபிசுன்னு ஒட்டும்ல, அது அவுட்டோருக்குள்ளயும் போகும். அதனால அந்த சீசன் முடிஞ்சதும் மெயின ஆஃப் பண்ணிட்டு அவுட்டோர் காயில நல்ல தண்ணில பைய கழுவி விடுறோம், ஒயர் இருக்க பக்கம் தண்ணி படாம. பிரஷர் பம்பு வச்சு அடிச்சா காயில் மேல இருக்க மெல்லிசு தகடு, ஃபின்னு சொல்லுவாங்க, அது மடங்கிரும். உப்புக்கு பயந்து தார்ப்பாய் போட்டு மூடி வச்சு ஓட்டுறவங்களும் இருக்காங்க, சூடு வெளிய போகாம கம்ப்ரசருக்கு அது ரொம்ப கேடு. மேல மட்டும் ஒரு ஷீட்டு, சுத்தி காத்துக்கு இடம், போதும்.

புதுசா இன்வெர்ட்டர் வாங்குறவங்களுக்கு ஒண்ணு, அதுல அவுட்டோருக்குள்ளயே பெரிய சர்க்யூட் போர்டு இருக்கு, ஸ்டார்ட் ஆகலன்னா டிஸ்பிளேல எரர் கோடு காட்டும், ஆஃப் பண்ணுறதுக்கு முன்ன அத போட்டோ எடுத்து வைங்க. போர்டு போனா ஆயிரக்கணக்குல செலவு, அதனால கம்ப்ரசர் வாரண்டிய மட்டும் பாத்து வாங்காம போர்டுக்கு எத்தன வருஷம், கடலோரத்துல துரு பிடிச்சா அதுல சேருமான்னு கடையில எழுத்துல கேட்டு வாங்குங்க.