எஸ்.பி. ரோட்டில் உயிர் பெற்ற லேப்டாப்

மூன்று வருஷத்துக்கு முன்னால் டொரண்டோவிலிருந்து அப்பாவுக்கு ஒரு லேப்டாப் கொண்டுவந்து கொடுத்தேன். பதினெட்டு வயது தாண்டிய பயணி ஒரு லேப்டாப்பைச் சுங்க வரி இல்லாமல் கொண்டுவரலாம். அங்கே தள்ளுபடியில் வாங்கியதால் பெங்களூர் விலையைவிடக் கணிசமாகக் குறைவு. நல்ல காரியம் செய்துவிட்ட நிறைவோடு திரும்பிப் போனேன். இந்த டிசம்பரில் அல்சூர் வீட்டுக்கு வந்தால், அந்த லேப்டாப் அலமாரியின் மேல்தட்டில் பழைய புடவைத் துண்டில் சுற்றிக் கிடக்கிறது.

"ஆறு மாசமா ஆன் ஆகலம்மா. அங்க இருந்துக்கிட்டு நீ என்ன பண்ணுவ, அதான் சொல்லல" என்றார் அப்பா.

அப்பா ஐ.டி.ஐ. தொலைபேசித் தொழிற்சாலையில் முப்பது வருஷத்துக்கு மேல் வேலை பார்த்தவர். ஓய்வுக்குப் பிறகு சக தொழிலாளர்களின் பென்ஷன் கடிதங்களை அவர்தான் தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதித் தருவார். இந்த ஆறு மாதமும் கையால் எழுதி, ஜெராக்ஸ் கடையில் கொடுத்து, பக்கத்துக்கு இவ்வளவு என்று காசு கொடுத்து டைப் அடித்து வாங்கியிருக்கிறார். அதைக் கேட்டதும் எனக்கு மனசே ஆறவில்லை.

முதலில் கம்பெனியின் சர்வீஸ் சென்டருக்குப் போனோம். வாரண்டி ஒரு வருஷம்தான், அதுவும் வாங்கிய நாட்டில் மட்டும் என்றார்கள். காசு கொடுத்துப் பழுது பார்க்கலாமா என்று கேட்டேன். உள்ளே இருக்கும் மதர்போர்டையே மாற்ற வேண்டும், 34,000 ரூபாய், பாகம் வர மூன்று வாரம் ஆகும் என்றார்கள். என் லீவே மூன்று வாரம்தான். அந்தப் பெண் மரியாதையாகத்தான் பேசினாள், ஆனால் லேப்டாப்பை ஒருவரும் திறந்துகூடப் பார்க்கவில்லை. வெளிநாட்டிலிருந்து வாங்கி வருகிறவர்கள், அந்த மாடலின் வாரண்டி இந்தியாவில் செல்லுமா என்று வாங்கும்போதே எழுத்தில் கேட்டுவிடுங்கள். சில கம்பெனிகளில் செல்லும், சிலவற்றில் செல்லாது, ஒரே கம்பெனியில் மாடலுக்கு மாடல் வேறுபடுவதும் உண்டு.

மறுநாள் அல்சூரில் ஊதா லைன் மெட்ரோ ஏறி, மெஜஸ்டிக்கில் பச்சை லைனுக்கு மாறி, அடுத்த ஸ்டேஷனான சிக்பேட்டையில் இறங்கி எஸ்.பி. ரோட்டுக்கு நடந்தோம். தள்ளுவண்டி, லோடு ஆட்டோ, தோளில் மானிட்டர் பெட்டி சுமந்து போகிறவர்கள் என்று தெரு நெரிசலாக இருந்தது. ஒரு கடையில் கேபிள் மட்டும், அடுத்த கடையில் கீபோர்டு மட்டும், அதற்கடுத்த கடையில் லேப்டாப்பின் கீல் மட்டும். நான் காலேஜ் படித்தபோது என் முதல் அசெம்பிள்டு கம்ப்யூட்டரை அப்பா இங்கேதான் வாங்கித் தந்தார். மாடிப்படியில் ஏறினால் மூன்று பேர் உட்காரக்கூடிய ஒரு அறை. வாசலில் 'சிப் லெவல் சர்வீஸ்' என்ற பலகை, அதாவது முழு போர்டையும் மாற்றாமல் அதில் கெட்டுப்போன சின்னப் பாகத்தை மட்டும் மாற்றுவது.

பழுது பார்க்கும் தம்பி சிவாஜிநகர்க்காரர். என்னிடம் தமிழ், பக்கத்து ஆளிடம் கன்னடம், போனில் உருது. "உக்காருங்க அக்கா, அங்கிளுக்கு ஸ்டூல் போடுடா" என்றவர், அப்போதே திருப்புளியை எடுத்துவிட்டார்.

போர்டைக் கழற்றி மைக்ரோஸ்கோப் அடியில் வைத்தார். சார்ஜர் கரண்ட் உள்ளே வரும் இடத்தில் மல்டிமீட்டர் முனைகளை வைத்ததும் 'பீப்' என்று விடாமல் சத்தம். "ஷார்ட்டு" என்றார். எங்கே என்று எப்படித் தெரியும் என்று அப்பா கேட்டார். தம்பி ஒரு சின்ன பவர் சப்ளையிலிருந்து மிகக் குறைந்த வோல்டேஜை அந்த லைனுக்குள் விட்டு, போர்டின் மேல் ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலை பிரஷ்ஷால் தடவினார். பச்சைப் பலகை முழுக்க ஈரம் மினுமினுத்தது. நாங்கள் மூவரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தோம். இரண்டு மூன்று விநாடியில் ஒரே ஒரு இடத்தில் மட்டும் ஈரம் காய்ந்து வட்டமாகத் திட்டு விழுந்தது. ஷார்ட் ஆன பாகம் சூடாகும், சூடான இடம்தான் முதலில் காயும். அங்கே கடுகில் பாதி அளவுக்கு ஒரு கெபாசிட்டர் (மின்சாரத்தைக் கொஞ்சம் தேக்கி வைக்கும் பாகம்) இருந்தது. ஹாட் ஏர் காற்றில் அதை எடுத்துவிட்டு, ஒரு பழைய போர்டிலிருந்து அதே அளவில் இன்னொன்றைக் கழற்றி வைத்தார். பீப் சத்தம் நின்றது. முக்கால் மணி நேரம், 1,200 ரூபாய். திரையில் வெளிச்சம் வந்ததும் அப்பா அந்தத் தம்பியின் கையைப் பிடித்துக்கொண்டார்.

கிளம்பும்போது அம்மா சொல்லி அனுப்பியது நினைவுக்கு வந்தது. "அதத் தொட்டா சுருக்குனு இருக்கு, நான் கிட்டயே போறதில்ல" என்பார். தம்பி அந்த லேப்டாப்பின் சார்ஜரை வாங்கிப் பார்த்தார். கனடா பிளக், அதன் மேல் ரோட்டோரத்தில் வாங்கிய இரண்டு பின் கன்வர்ட்டர். சார்ஜர் 100 முதல் 240 வோல்ட் வரை தாங்கும் என்று அதன் முதுகிலேயே எழுதியிருக்கிறது, அதனால் நானும் அதற்கு மேல் யோசிக்கவில்லை. சார்ஜருக்குள் மின் இரைச்சலை அடக்குவதற்காக ஒரு சின்ன கெபாசிட்டர் உண்டு. அதன் வழியாகக் கசியும் துளி கரண்ட் எர்த்துக்குப் போக வேண்டும். இரண்டு பின்னில் எர்த் இல்லை, அதனால் அது லேப்டாப்பின் உலோக உடம்புக்கு வந்துவிடுகிறது. 120 வோல்ட் கனடாவில் உறைக்காதது 230 வோல்ட் பெங்களூரில் விரலில் சுருக்கென்று தெரிகிறது. சார்ஜரை மாற்ற வேண்டியதில்லை, சுவரிலிருந்து சார்ஜர் வரைக்குமான கேபிளை மட்டும் நம் ஊர் மூன்று பின் கேபிளாக மாற்றினால் போதும். 150 ரூபாய். (வீட்டு பிளக்கில் எர்த் உண்மையிலேயே வருகிறதா என்று எலக்ட்ரீஷியனை வைத்துப் பார்த்துவிடுங்கள். எங்கள் வீட்டில் ஒரு பாயின்ட்டில் வரவில்லை.) லேசர் பிரிண்டர் மட்டும் அங்கிருந்து கொண்டுவரவே வேண்டாம். பெரும்பாலும் 120 வோல்ட்டுக்கு மட்டும் செய்தது, இங்கே செருகினால் அதோடு முடிந்தது.

சித்திக்கும் ஒரு லேப்டாப் வேண்டியிருந்தது. மர்ஃபி டவுனில் இருக்கும் சித்தி, வெளிநாட்டுப் பிள்ளைகள் ஏழெட்டுப் பேருக்கு வீடியோவில் தமிழ் சொல்லித் தருகிறார். போனின் சின்னத் திரையில் எழுத்தைக் காட்டிக் காட்டிக் கண் போகிறது என்றார். இந்த முறை இங்கேயே வாங்குவது என்று தீர்மானித்தேன். ஐ.டி. கம்பெனிகள் கழித்துவிடும் லேப்டாப்புகள் இந்த ஊரில் நிறையக் கிடைக்கும். உறுதியான உடம்பு, எளிதில் திறக்கலாம், பாகங்களும் தெருவிலேயே உண்டு. ஆனால் கண்ணை மூடிக்கொண்டு வாங்கக் கூடாது. விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14உடன் முடிந்துவிட்டது. விண்டோஸ் 11க்கு இன்டெல் என்றால் பொதுவாக எட்டாம் தலைமுறை பிராசஸராவது வேண்டும். ஆறாம், ஏழாம் தலைமுறை மெஷின்களைத்தான் கடையில் முதலில் எடுத்து நீட்டுகிறார்கள், விலையைப் பார்த்தால் ஆசையாக இருக்கும், விட்டுவிடுங்கள். பேட்டரி ரிப்போர்ட் எடுத்துக் காட்டச் சொல்லுங்கள். புதிதில் இருந்த கொள்ளளவும் இன்றைய கொள்ளளவும் அதில் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும். கடையிலேயே நெட் இணைத்து விண்டோஸை முதலிலிருந்து செட்டப் செய்யச் சொல்லுங்கள். நடுவில் ஏதாவது கம்பெனி பெயர் வந்து லாகின் கேட்டால், அந்த மெஷின் இன்னும் பழைய முதலாளியின் பிடியில்தான் இருக்கிறது. நான் பார்த்த மூன்றாவது லேப்டாப்பில் அப்படித்தான் வந்தது. கடைக்காரர் பேசாமல் அதை உள்ளே வைத்துவிட்டு வேறொன்று எடுத்தார்.

எட்டாம் தலைமுறை ஐ5, 8 ஜிபி ரேம், 256 ஜிபி எஸ்எஸ்டி, 19,000 ரூபாய், ஆறு மாத கடை வாரண்டி. ரேமைக் கூட்டலாம் என்று நினைத்தேன், ஏ.ஐ. சர்வர்களுக்கே சரக்கெல்லாம் போவதால் விலை ஏறிக்கிடக்கிறது என்றார், விட்டுவிட்டேன். பில் வேணுமா என்று கேட்டபோது வேண்டும் என்று அழுத்திச் சொன்னேன். பில் இல்லாமல் அந்த ஆறு மாத வாரண்டி வெறும் வாய்ப்பேச்சு. பணம் யு.பி.ஐ.யில் கொடுத்தேன். வெளிநாட்டில் வாழும் இந்தியர்கள் இங்கே வைத்திருக்கும் என்.ஆர்.ஓ. வங்கிக் கணக்கை, வெளிநாட்டு போன் நம்பரோடு யு.பி.ஐ.யில் இணைக்க 2023இல் அனுமதித்த பத்து நாடுகளில் கனடாவும் உண்டு, அதனால் இந்த முறை யாரிடமும் போனை வாங்கிக் கெஞ்ச வேண்டியிருக்கவில்லை.

அன்று மாலையே சித்திக்குத் தமிழ்99 என்ற தமிழ் விசைப்பலகை அமைப்பைப் போட்டுக் கொடுத்தேன். உயிரெழுத்தெல்லாம் இடது கைப் பக்கம், மெய்யெழுத்து வலது கைப் பக்கம், அதே எழுத்தை இரண்டு முறை அடித்தால் முதலாவதில் புள்ளி தானாக விழும். 'அம்மா' என்று அடிக்க அ, ம, ம, ஆ, நாலே விசை. 1999இல் தமிழ்நாடு அரசு ஏற்ற அமைப்பு இது, சித்தியின் விரல் ஒரு மணி நேரத்தில் பழகிக்கொண்டது.

இன்னொன்றும் வாங்கினேன். கரண்ட் போனால் லேப்டாப் அதன் பேட்டரியில் ஓடும், வைஃபை ரவுட்டர் அணைந்துவிடும், வகுப்பும் அறுந்துவிடும். ரவுட்டருக்கென்றே 12 வோல்ட் குட்டி யு.பி.எஸ். உள்ளங்கை அளவில் கிடைக்கிறது, 1,400 ரூபாய். நான் கிளம்புவதற்கு முந்தின நாள் வகுப்பு நடுவில் கரண்ட் போனது. விசிறி நின்றது, தெரு இருண்டது, ரவுட்டரின் பச்சை விளக்கு மட்டும் எரிந்துகொண்டே இருந்தது. திரை வெளிச்சத்தில் சித்தி "நாக்கை மடக்கிச் சொல்லு கண்ணா, மழை" என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

அப்பா அந்தத் தம்பியின் நம்பரை ஒரு சீட்டில் எழுதி, லேப்டாப்பின் அடியில் டேப் போட்டு ஒட்டியிருக்கிறார். கனடா பிளக் கேபிளை நான் திரும்ப எடுத்து வந்துவிட்டேன்.