பீகிள் கால்வாய்: பெரிய கட்டமரானா, சின்னப் படகா?

அர்ஜென்டினாவின் தென்கோடி நகரமான உசுவாயாவில் இருந்து, பீகிள் கால்வாய் என்ற இயற்கையான கடல் நீரிணையைச் சுற்றிக்காட்டக் கிளம்பும் பெரிய கட்டமரான் (இரட்டை உடல் கொண்ட படகு), நம் கட்டுமரத்தின் பெயரைத் தாங்கியது. கண்ணாடிக்குள் கதகதப்பாக உட்காரலாம், ஆட்டமும் குறைவு. வயதானவர்கள் உங்களோடு வந்தால் அதுவே நல்லது.

என் ஓட்டு சின்னப் படகுக்குத்தான். கடல் சிங்கப் பாறையருகே இன்ஜினைத் தணிக்கும்போது மீன் வாடை முகத்தில் அடிக்கும். கடல் சிங்கத்தின் மீசை முடியில் நீர் சொட்டுவது கூடத் தெரியும். பக்கத்தில் கறுப்பு வெள்ளையாக நிற்பவை பென்குயின்கள் அல்ல, நீர்க்காகங்கள். அவை பறக்கும்போதுதான் பலருக்குப் புரியும். அப்புறம், சில படகுகள் பிரிட்ஜஸ் தீவில் இறக்கியும் விடும். இப்பகுதியின் பழங்குடிகளான யாமனா மக்கள் விட்டுச்சென்ற சிப்பி ஓட்டு மேடுகளை நடந்து பார்க்கலாம்.

பென்குயின்தான் வேண்டுமென்றால் இந்தக் குறும்பயணங்கள் போதாது. நவம்பர் முதல் மார்ச்சுக்குள் மார்ட்டிலோ தீவு வரை போகும் நீண்ட பயணத்தில் இடம் பிடியுங்கள்.