கல் பங்களா மேட்டுக் கல்லூரி: ஊட்டி அரசு கலைக் கல்லூரி வளாகமும் சுற்றுப்புறமும்

நீலகிரியில் பிள்ளைகளைக் கல்லூரியில் சேர்க்க நினைக்கும் பெற்றோர், பாடப்பிரிவையும் கட்டணத்தையும் விசாரிக்கும் அளவுக்கு வளாகம் அமைந்திருக்கும் இடத்தை விசாரிப்பதில்லை. மலையில் இடம்தான் பாதிப் படிப்பு என்பது என் உறுதியான எண்ணம். உதகமண்டலம் அரசு கலைக் கல்லூரியைப் பற்றி எழுதும்போது அதையே முதலில் சொல்ல விரும்புகிறேன்.

1955இல் தொடங்கப்பட்ட இக்கல்லூரி, ஸ்டோன் ஹவுஸ் மேட்டில் இருக்கிறது. கோயம்புத்தூர் கலெக்டராக இருந்த ஜான் சல்லிவன் 1822இல் கட்டத் தொடங்கிய, ஊரார் கல் பங்களா என்று அழைத்த, ஊட்டியின் முதல் ஐரோப்பிய வீடு இந்த வளாகத்துக்குள்தான் உள்ளது. தோடர்களின் மேய்ச்சல் நிலமாக இருந்த மேடு ஒரு கலெக்டரின் வீடாகி, இன்று படகர், தோடர், கோத்தர், இலங்கையிலிருந்து தாயகம் திரும்பிய தமிழர் எனப் பல வீட்டுப் பிள்ளைகளும் அரசுக் கட்டணத்தில் படிக்கும் இடமாக மாறியிருப்பதை நினைக்கும்போது எனக்கு மனம் நிறைகிறது.

வளாகத்தைவிடச் சுற்றுப்புறமே இதன் பெரிய சொத்து. வன உயிரியல் படிக்க வருபவருக்கு இதைவிடப் பொருத்தமான ஊர் தமிழ்நாட்டில் அரிது. 1986இல் அறிவிக்கப்பட்ட நீலகிரி உயிர்க்கோளக் காப்பகத்தின் நடுவிலேயே வகுப்பு நடக்கிறது. கல்லட்டியின் 36 கொண்டை ஊசி வளைவுகளில் இறங்கினால் முதுமலை. மேற்கே வரையாடு மேயும் முக்குருத்தி தேசியப் பூங்கா. தாவரவியல் மாணவருக்கு 1848இல் உருவாகத் தொடங்கிய தாவரவியல் பூங்கா ஊருக்குள்ளேயே கிடைக்கிறது. மானுடவியலில் ஆர்வம் உள்ளவர் முத்தொரை பாலாடாவில் உள்ள பழங்குடியினர் ஆய்வு மையத்துக்குப் போய்வரலாம். மேட்டுக்கு அருகிலுள்ள புனித ஸ்தேவான் ஆலயத்தின் உத்தரங்கள் ஸ்ரீரங்கப்பட்டணத்துத் திப்புவின் அரண்மனையிலிருந்து கொண்டுவரப்பட்டவை. வரலாற்று மாணவர்கள் ஒரு மாலை அங்கே செலவிட வேண்டும்.

குளிரைப் பற்றி விரிவாகச் சொல்லியாக வேண்டும். ஏறத்தாழ 2,240 மீட்டர் உயரத்தில் உள்ள ஊர் இது. கல்லூரி திறக்கும் ஜூன், ஜூலையில் தென்மேற்குப் பருவமழையும் சேர்ந்தே வரும். துவைத்த துணி நாள்கணக்கில் காயாது. பையில் வைத்த நோட்டுத் தாள் ஈரம் கோத்துத் தொய்ந்து, பேனா மை ஊறிப் பரவும். டிசம்பர், ஜனவரியில் உறைபனி விழுந்த புல் காலையில் வெள்ளையாகக் கிடக்கும். சமவெளியிலிருந்து வருபவர்கள் ஒரு ஸ்வெட்டரோடு வந்து அவதிப்பட வேண்டாம். இரண்டு ஸ்வெட்டர், மழைக்கோட்டு, வழுக்காத அடிப்பாகம் கொண்ட காலணி ஆகியவை முதல் நாளே வேண்டும். மேடேறி நடக்கும் தெம்பும் வேண்டும்.

போக்குவரத்தில் கவனம் தேவை. அரசுக் கல்லூரி மாணவருக்கு இலவசப் பேருந்து அட்டை உண்டு என்றாலும், மஞ்சூர் போன்ற ஊர்களிலிருந்து தினமும் வருபவருக்குக் காலைப் பேருந்தைத் தவறவிட்டால் முதல் பாடவேளை போனதுபோலத்தான். மண்சரிவு ஏற்படும் மழை நாட்களில் வீட்டிலிருந்து கிளம்புவதே நிச்சயமில்லை. மே மாத மலர்க் கண்காட்சிக் காலத்தில் ஊட்டியின் சேரிங் கிராஸ் சந்திப்பைக் கடக்க வண்டிகள் ஊர்ந்துதான் போக வேண்டும். அப்போது தேர்வு இருந்தால் வழக்கத்தைவிட முன்கூட்டியே புறப்படுவது நல்லது. வெளியில் அறை எடுக்க நினைப்பவர்கள், சீசன் வாடகையை எதிர்பார்க்கும் உரிமையாளரிடம் கோடைக்கு முன்பே ஆண்டு முழுவதற்குமான வாடகையைப் பேசி முடித்துக்கொள்ள வேண்டும்.

குன்னூர், கோத்தகிரிப் பிள்ளைகளுக்கும், காட்டையும் உயிரினங்களையும் படிக்க விரும்பும் எவருக்கும் இக்கல்லூரியைத் தயங்காமல் பரிந்துரைப்பேன். பந்தலூர்ப் பக்கத்திலிருந்து பொதுவான பட்டப்படிப்புக்காக மட்டும் வருபவர்கள், ஊட்டியிலிருந்து ஏறத்தாழ 50 கிலோமீட்டர் தொலைவில், தங்கள் ஊருக்கு நெருக்கமாகக் கூடலூரில் இருக்கும் அரசு கலை அறிவியல் கல்லூரியை முதலில் பார்த்துவிட்டு முடிவெடுப்பதே நல்லது.