"மொத்தமாக எடுத்துக்கறேன்" என்று வருகிற மாட்டு வியாபாரி: கறவை விற்கப்போகிறவர்கள் கவனத்துக்கு

ஈரோடு, திருப்பூர், நாமக்கல் பக்கம் மாடுகளை விற்றுவிடலாம் என்று வீட்டில் பேச்சு நடந்துகொண்டிருக்கிற குடும்பங்கள் இதைக் கொஞ்சம் முழுசாகப் படியுங்கள். எங்கள் கட்டுத்தரையிலிருந்து மூன்று நல்ல கறவைகள் போய்விட்டன. கைக்கு வந்தது 15,000 ரூபாய் அச்சாரம் மட்டும். மீதிக்கு ஒரு செக் கொடுத்தார்கள், அது திரும்பி வந்துவிட்டது. திருடன் ராத்திரியில் வந்து அவிழ்த்துக்கொண்டு போகவில்லை. பட்டப்பகலில், அம்மா கொடுத்த காபியைக் குடித்துவிட்டு ஏற்றிப் போனார்கள்.

விற்க வேண்டிய நிலைமை எங்களுக்கு மட்டும் வந்ததில்லை. அப்பாவுக்கு மூட்டு தேய்ந்துவிட்டது, குனிந்து பால் கறக்க முடியவில்லை. அம்மா ஒருத்தியே சோளத்தட்டு அறுத்து, சாணி வழித்து, விடிவதற்குள் கறந்து பால் சொசைட்டிக்குக் கொண்டுபோய் ஊற்ற வேண்டும். நானும் தம்பியும் வெளியூரில் வேலை பார்க்கிறோம். ஆவின் 2022 நவம்பரில் பசும்பால் கொள்முதல் விலையை லிட்டருக்கு 32 ரூபாயிலிருந்து 35 ஆக்கியது, 2023 டிசம்பரில் 3 ரூபாய் ஊக்கத்தொகையும் சேர்ந்தது. இருந்தும் பாலில் கொழுப்பும் எஸ்.என்.எஃப்பும் (கொழுப்பு அல்லாத திடச்சத்து) கொஞ்சம் குறைந்தால் அந்த விலையும் முழுசாக வராது. புண்ணாக்கு, தவிடு, பருத்திக்கொட்டை எல்லாம் ஏறிக்கொண்டே போகிறது. அம்மாவின் உடம்பும் கெட்டுப்போவதற்குள் விற்றுவிடலாம் என்று முடிவு செய்தோம்.

இருந்தது ஆறு உருப்படி. கறப்பில் மூன்று: இரண்டாம் ஈத்து ஹெச்.எஃப் (ஹோல்ஸ்டீன் ஃபிரீசியன்) கலப்பு ஒன்று, ஜெர்சி கலப்பு இரண்டு. பால் வற்றி ஏழு மாதச் சினையாக ஒரு பழைய மாடு. ஒரு கிடாரி, ஒரு காளைக்கன்று. முதலில் வந்த வியாபாரிகள் எல்லோரும் ஒரே மாதிரிதான் பேசினார்கள். கறவை மூன்றையும் கேட்டார்கள், பழைய மாட்டை அடிமாட்டு விலைக்குக் கேட்டார்கள், கிடாரியையும் கன்றையும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கறவைகளுக்கு ஒருவர் ஒன்றரை லட்சம் வரை வந்தார். அம்மாவின் கவலையெல்லாம் சினை மாட்டைப் பற்றித்தான். நல்லதெல்லாம் போய்விட்டால் இதை மட்டும் தனியாக யார் வாங்குவார்கள், அறுப்புக்குத்தானே போகும் என்று அழுதாள்.

இந்த இடத்தில்தான் அந்த ஆள் வந்தார். "நீங்க கவலையே படாதீங்கண்ணா. ஆறும் எனக்கு வேணும். கேரளாவுல பண்ணை வெக்கற பார்ட்டி ஒண்ணு இருக்குது, சினை மாட்டை அவங்கதான் தேடிக்கிட்டு இருக்காங்க. எல்லாஞ் சேர்த்து ரெண்டே கால் லட்சம்." மற்றவர்கள் கேட்டதைவிட எவ்வளவு அதிகம் என்று பாருங்கள். இது எதற்காகச் சொன்ன விலை என்பது பிறகுதான் விளங்கியது. யாரும் வேண்டாம் என்கிற உருப்படிகளுக்கு நல்ல விலை வைத்தால் வீட்டுக்காரர்களின் மனசு அவர் பக்கம் சாய்ந்துவிடும், போட்டிக்கு நிற்கிற வியாபாரியும் ஒதுங்கிவிடுவார். அந்த உருப்படிகளை எடுக்கும் எண்ணம் அவருக்கு ஆரம்பத்திலிருந்தே கிடையாது.

மாடு வாங்க வருகிறவர் எப்படிப் பார்ப்பார் என்று கிராமத்தில் வளர்ந்த எல்லோருக்கும் தெரியும். வாயைத் திறந்து பல் பார்ப்பார். மடியைத் தடவி நாலு காம்பிலும் பீய்ச்சிப் பார்ப்பார், கட்டியாகவோ தண்ணியாகவோ வந்தால் மடிநோய் என்று விலையைக் குறைப்பார். சாயங்காலமும் மறுநாள் காலையும் இரண்டு நேரக் கறவையையும் கூட இருந்து பார்க்கிறேன் என்பார். ஒரு நேரம் கறக்காமல் விட்டு மடியைப் பெரிசாகக் காட்டுகிறவர்கள் உண்டு என்பதால் வந்த வழக்கம் அது. மயிர்ச் சுழி பார்ப்பார், சில சுழி இருந்தால் வீட்டுக்கு ஆகாது என்பார்கள். துடைப்பச் சுழி இருக்கிறது, விலங்குச் சுழி இருக்கிறது என்று இல்லாததைக்கூடச் சொல்லி ஐந்நூறு ஆயிரம் இறக்கப் பார்ப்பார். இந்த ஆள் எதுவுமே செய்யவில்லை. எட்ட நின்று செல்போனில் படம் எடுத்தார், எத்தனை லிட்டர் என்று கேட்டார், அவ்வளவுதான். விலையைக் குறைக்கவும் பார்க்கவில்லை. பணம் கொடுக்கப் போகிறவன்தான் பேரம் பேசுவான், பல் பார்ப்பான். கொடுக்காமல் போகிறவனுக்கு மாடு எப்படி இருந்தால் என்ன? பேரம் பேசாத வியாபாரி வந்தால் அங்கேயே நிறுத்திவிடுங்கள்.

ஒரு நோட்டுத் தாளில் "6 உருப்படி, ரூ. 2,25,000, அச்சாரம் ரூ. 15,000" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். எந்த மாட்டுக்கு எவ்வளவு என்று அதில் இல்லை.

புதன்கிழமை மத்தியானம் வண்டி வந்தது. வந்தது வேறு ஆட்கள், "அண்ணன் அனுப்பிவிட்டாருங்க" என்றார்கள். வண்டியில் இடம் இல்லை, இப்போது கறவை மூன்றை மட்டும் ஏற்றிக்கொள்கிறோம், சனிக்கிழமை வந்து மீதியை எடுத்துக்கொள்கிறோம் என்று சொல்லியிருக்கிறார்கள். அம்மா வாசலில் நின்று, "பணம் முழுசா வரட்டும், அப்புறம் ஏத்திக்கலாம்" என்று தெளிவாகச் சொன்னாள். உடனே அந்த ஆளுக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் கொடுத்தார்கள். "என்னக்கா இப்படிப் பேசறீங்க? மீதி 2,10,000-க்கும் செக் கொடுத்துவிட்டிருக்கறேன். மூணு மாட்டுக்கு முழுப் பணத்தையும் நம்பித் தர்றேன், நீங்க என்னை நம்ப மாட்டீங்களா? விடிஞ்சா வியாழக்கிழமை, ஈரோடு கருங்கல்பாளையம் மாட்டுச் சந்தையில பார்ட்டி காத்துக்கிட்டு இருப்பாங்க." பேச்சு எப்படித் திரும்பியது என்று கவனியுங்கள். மாட்டைக் கொடுக்கிறவர்கள் சந்தேகப்படுவது தப்பு, செக் கொடுக்கிறவர் பெருந்தன்மைக்காரர் என்று ஆகிவிட்டது. அம்மா எங்கள் கயிற்றை அவிழ்த்துக்கொண்டாள், அவர்கள் கொண்டுவந்த புதுக் கயிற்றைப் போட்டு ஏற்றிப் போய்விட்டார்கள்.

செக் கணக்கில் பணமில்லை என்று திரும்பியது. சனிக்கிழமை யாரும் வரவில்லை. போனை எடுத்தபோதெல்லாம் ஒரு சமாதானம்: பார்ட்டி இன்னும் அனுப்பவில்லை, திங்கட்கிழமை திரும்பப் போடுங்க, பேங்கில் ஏதோ கோளாறு. அப்புறம் குரல் மாறியது. ஹெச்.எஃப் கலப்பு மாட்டுக்கு ஒரு காம்பு அடைத்திருக்கிறதாம், மடிநோயாம், பாதிப் பால்கூட இல்லையாம். அதைவிட முக்கியமாக அவர் சொன்னது இது: "நான் எடுத்தது மூணு உருப்படிதானே? ஆறுக்கு எழுதின செக்கை எப்படிப் பாஸ் பண்ண முடியும்? செக்கைத் திருப்பிக் கொடுங்க, மூணுக்கும் சேர்த்து 85,000 தர்றேன்." ஒன்றரை லட்சத்துக்குக் கேட்ட மாடுகளுக்கு 85,000. அதுவும் செக்கைக் கொடுத்த பிறகு.

மடிநோய் என்பது பொய். ஏற்றிய அன்று காலை வரை எத்தனை லிட்டர் ஊற்றினோம், கொழுப்பு எவ்வளவு என்று சொசைட்டி அட்டையில் பதிவு இருக்கிறது. ஆனால் இரண்டாவது சொன்னது வெறும் பொய் இல்லை, யோசித்துச் செய்த வேலை. வழக்கறிஞரிடம் போனபோதுதான் அது புரிந்தது. செக் மோசடிக்கு மாற்றுமுறை ஆவணச் சட்டம் 138-வது பிரிவு இருக்கிறது. ஆனால் செக்கில் எழுதிய தொகை உண்மையிலேயே வரவேண்டிய பாக்கியாக இருக்க வேண்டும். பாதி உருப்படி எங்கள் கட்டுத்தரையில் நிற்கும்போது 2,10,000-மும் பாக்கிதானா என்று எதிர்த்தரப்பு கேட்கும். சரி, மூன்று மாட்டுக்கு எவ்வளவு என்றால், தாளில் தனித்தனி விலை கிடையாது. மொத்த விலை, மொத்தத்துக்கும் செக், பாதி மாடு என்ற மூன்றும் சேர்ந்துதான் இந்த ஏமாற்று வேலை. பெரிய தொகைக்குச் செக் கொடுத்தது பெருந்தன்மையால் அல்ல, பிறகு தகராறு பண்ணுவதற்காக.

செக் திரும்பியவர்கள் தேதியை விட்டுவிடாதீர்கள். வங்கி தகவல் கொடுத்த நாளிலிருந்து 30 நாளுக்குள் எழுத்து மூலம் நோட்டீஸ் அனுப்ப வேண்டும். நோட்டீஸ் கிடைத்ததிலிருந்து அவருக்கு 15 நாள் அவகாசம். அதற்குள் தராவிட்டால் அடுத்த ஒரு மாதத்துக்குள் கோர்ட்டில் புகார் கொடுக்க வேண்டும். "திங்கட்கிழமை, அடுத்த வாரம்" என்று இழுப்பதெல்லாம் இந்த நாட்களைக் கரைக்கத்தான். செக்கை அதன் தேதியிலிருந்து மூன்று மாதத்துக்குள் திரும்பப் போடலாம், ஆனால் கடைசியாகத் திரும்பியபோது வங்கி கொடுத்த மெமோவைப் பத்திரமாக வைத்திருங்கள். உங்கள் கணக்கு எந்தக் கிளையில் இருக்கிறதோ அந்த எல்லையில் உள்ள கோர்ட்டிலேயே வழக்குப் போடலாம், அவர் ஊருக்கு அலைய வேண்டியதில்லை. என்ன நடந்தாலும் அசல் செக்கைத் திருப்பிக் கொடுக்காதீர்கள்.

போலீஸ் ஸ்டேஷனில் முதலில் "இது கொடுக்கல் வாங்கல், கோர்ட்டில் பார்த்துக்குங்க" என்றுதான் சொன்னார்கள். மனு ரசீது வாங்குவதற்கே போராட வேண்டியிருந்தது. நாம் 420 என்று சொல்லிப் பழகிய மோசடிப் பிரிவு, 2024 ஜூலையிலிருந்து பாரதிய நியாய சன்ஹிதாவில் 318. ஆரம்பத்திலேயே ஏமாற்றும் எண்ணம் இருந்தது என்று காட்டினால்தான் அது நிற்கும். விசாரித்தபோது பக்கத்து ஊரிலும் ஒரு வீட்டில் இதே மாதிரி நல்ல கறவைகளை மட்டும் ஏற்றிவிட்டு, வற்றின மாட்டை விட்டுப்போயிருப்பது தெரிந்தது. அவர்களும் நாங்களும் சேர்ந்து எஸ்.பி. அலுவலகத்தில் மனு கொடுத்திருக்கிறோம். இரண்டு வீட்டில் ஒரே முறையில் நடந்திருக்கும்போது, வெறும் கொடுக்கல் வாங்கல் தகராறு என்று அதைத் தள்ளிவிட முடியாது.

விற்கப்போகிறவர்கள் செய்ய வேண்டியது பெரிய காரியம் ஒன்றும் இல்லை. ஒவ்வொரு உருப்படிக்கும் தனி விலை, அதன் எதிரில் காதில் கால்நடைத் துறை மாட்டியிருக்கிற மஞ்சள் அடையாள வில்லையின் 12 இலக்க எண், இரண்டையும் தாளில் எழுதுங்கள். வண்டி ஒரு மாட்டை ஏற்ற வந்தால் அந்த ஒரு மாட்டின் பணம் முழுசாக வந்த பிறகே கயிற்றைக் கொடுங்கள். பணம் அனுப்பிவிட்டேன் என்று போனில் காட்டுகிற படம் பணமாகாது, உங்கள் கணக்கில் ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். பணம் வாங்குவதற்கு கியூஆர் கோடு ஸ்கேன் பண்ணவோ பின் நம்பர் போடவோ தேவையே இல்லை, அப்படிச் சொன்னால் அது வேறொரு மோசடி. அதில் மாட்டிக்கொண்டவர்கள் உடனே சைபர் குற்ற உதவி எண் 1930-க்குப் போன் பண்ணுங்கள். ஏற்ற வருகிற வண்டியின் எண், ஓட்டுநர் முகம், மாடு எல்லாம் ஒன்றாகத் தெரிகிற மாதிரி படம் எடுங்கள். எங்கள் மனுவில் இப்போது கொஞ்சம் பிடிப்பு இருக்கிறது என்றால், அது தம்பி எப்போதோ எடுத்து வைத்திருந்த காது வில்லைப் படங்களால்தான்.

வயதான அப்பா அம்மா மட்டும் இருக்கிற வீடாகப் பார்த்துத்தான் வருகிறார்கள் என்பது என் எண்ணம். பிள்ளைகள் வேலைக்குப் போயிருக்கிற வார நாளில், சந்தைக்கு நேரமாகிவிட்டது என்று அவசரப்படுத்துகிற மாதிரி வருகிறார்கள். சந்தை அடுத்த வியாழக்கிழமையும் இருக்கும் என்று வீட்டில் சொல்லி வையுங்கள்.

மிச்சம் இருந்த உருப்படிகளைத் தனித்தனியாகத்தான் விற்றோம். கிடாரியையும் கன்றையும் கருங்கல்பாளையம் சந்தைக்கே கொண்டுபோனோம். வாங்கியவர் கிடாரியின் வாயைத் திறந்தார், நடக்கவிட்டுப் பார்த்தார், சுழியில் குறை சொன்னார், கடைசி ஐந்நூறு ரூபாய்க்குப் பிடிவாதம் பிடித்தார், பிறகு நோட்டை எண்ணி அப்பா கையில் வைத்துவிட்டுக் கயிற்றைப் பிடித்தார். சினை மாட்டை எங்கள் ஊரிலேயே ஒரு அக்கா வாங்கிக்கொண்டார். குறைந்த விலைதான், ஆனாலும் கன்று போட்டுப் பால் கறக்கிற வீட்டுக்குப் போனதில் அம்மாவுக்குத் திருப்தி.

மாடு வாங்குகிறவர்களிடமும் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். காது வில்லையை அறுத்து எடுத்துப் புதிதாகக் காது கிழிந்திருக்கிற கறவையை யாராவது மலிவாகக் கொண்டுவந்தால், எந்த ஊர், யாரிடம் வாங்கினது என்று கேளுங்கள். வில்லை இருந்தால் அந்த எண்ணைப் பக்கத்துக் கால்நடை மருந்தகத்தில் கொடுத்து, யார் பெயரில் பதிவாகியிருக்கிறது என்று பார்க்கச் சொல்லுங்கள். எங்கள் ஹெச்.எஃப் கலப்புக்கு நெற்றியில் முக்கோணமாக வெள்ளை, இடது பின்னங்கால் முழுக்கக் கருப்பு. ஜெர்சி இரண்டில் பெரியதற்கு வலது கொம்பின் நுனி உடைந்திருக்கும். பார்த்தவர்கள் தயவுசெய்து அந்த ஊர் ஸ்டேஷனில் ஒரு வார்த்தை சொல்லுங்கள்.