வாசல் வரைக்கும் நல்ல சிகிச்சை

ஹெராயின் வழக்கில் தண்டனை பெற்ற என் தம்பி, சிறைக்காலத்தின் கடைசி ஆறு மாதங்களைச் சிறைக்குள்ளேயே இயங்கும் போதை மீட்புப் பிரிவில் கழிக்க வேண்டும் என்றும், விடுதலைக்குப் பின் ஓராண்டு வெளியிலுள்ள மையத்துக்குச் சென்றுவர வேண்டும் என்றும் நீதிமன்றம் உத்தரவிட்டது. பொதுவாக ஒரு சேவையைத் தேர்ந்தெடுத்தவர்தான் அதற்கு மதிப்பெண் போடுவார். நாங்கள் எதையும் தேர்ந்தெடுக்கவில்லை என்பதை மனத்தில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

உள்ளே கிடைத்த சிகிச்சையைப் பற்றி எனக்குப் பெரிய புகார் இல்லை. தினமும், ஹெராயினுக்கு மாற்றாகத் தரும் பியூப்ரெனார்பின் மாத்திரையை நாக்குக்கு அடியில் வைத்து, அது கரையும் வரை செவிலியரின் எதிரிலேயே உட்கார்ந்திருந்து, பிறகு வாயைத் திறந்து காட்ட வேண்டும். தம்பிக்கு அது அவமானமாக இருந்தது. ஆனால் சிறையில் மாத்திரையும் கைமாறும் சரக்குதான் என்பதால் அந்தக் கெடுபிடியை என்னால் புரிந்துகொள்ள முடிந்தது. "ஒரு போதையை விட்டு இன்னொரு போதையா?" என்று அம்மா கேட்டபோது, மருத்துவர் எரிச்சல்படாமல் விளக்கினார். சரியான அளவில் கொடுத்தால் இம்மருந்து கிறக்கம் தராமல் ஏக்கத்தையும் உடல் அவதியையும் அடக்கும் என்றும், இதே வகைச் சிகிச்சைக்கான மெதடோன் என்ற மருந்தும் இதுவும் 2005 முதல் உலக சுகாதார நிறுவனத்தின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் இருக்கின்றன என்றும் அவர் சொன்ன பிறகுதான் அம்மாவுக்கு மனம் ஆறியது.

ஆலோசகர் முதல் நாளிலேயே, வருகையும் பரிசோதனை முடிவும் மட்டுமே நீதிமன்றத்துக்குப் போகும், அமர்வில் பேசுவது போகாது என்று எழுதிக் கையெழுத்திட்டுக் கொடுத்தார். மூன்று வாரம் வாயே திறக்காதிருந்த தம்பி பேசத் தொடங்கியதற்கு அந்த ஒரு தாள்தான் காரணம் என்று நினைக்கிறேன்.

குறை, விடுதலை நாளில் இருந்தது. வெள்ளிக்கிழமை மாலை அவனை வெளியே விட்டார்கள். கையிலிருந்த பையில் பழைய சட்டை, அணைந்துபோன கைப்பேசி, விடுதலைச் சான்று ஆகியவை இருந்தன. ஒரு வேளைக்குக்கூட மாத்திரை இல்லை. வெளிமையத்தின் முதல் சந்திப்பு அடுத்த வியாழக்கிழமை. சிறையில் இருக்கும் காலத்தில் உடலின் தாங்குதிறன் குறைந்துவிடுவதால், வெளியே வந்ததும் பழைய அளவை எடுப்பவருக்கு மூச்சே நின்றுவிடலாம். அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் நடந்து 2007இல் வெளியான ஆய்வு, விடுதலையான முதல் இரண்டு வாரங்களில் போதைமருந்து மிகையால் இறக்கும் அபாயம் பொதுமக்களைவிட 129 மடங்கு என்று கணக்கிட்டது. இது தெரிந்தும் ஆறு நாள் இடைவெளி விடுவதை அலட்சியம் என்று சொல்லாமல் வேறு எப்படிச் சொல்வது? சனிக்கிழமை இரவு வியர்வையும் வயிற்றுப்போக்குமாகத் துடித்தவனை அவசர சிகிச்சைப் பிரிவுக்கு அழைத்துச் சென்று, அங்கிருந்த மருத்துவரிடம் மருந்து எழுதி வாங்கினோம்.

இதைச் சரியாகச் செய்ய முடியாது என்பதும் இல்லை. அமெரிக்காவின் ரோட் ஐலண்ட் மாநிலம் 2016இல் சிறைகளில் இத்தகைய மருந்துகளை வழங்கி, விடுதலையானவர்களை வெளி மருத்துவமனைகளோடு தொடர்ச்சியாக இணைத்தபோது, விடுதலைக்குப் பின் போதைமருந்து மிகையால் நேரும் மரணங்கள் அடுத்த ஆண்டில் ஏறத்தாழ 60 விழுக்காடு குறைந்தன.

வெளிமையம் பரவாயில்லை ரகம். தினமும் காலையில் ஒரு எண்ணுக்குப் போன் செய்து, அன்று சிறுநீர்ப் பரிசோதனை உண்டா என்று கேட்க வேண்டும். உண்டென்றால் வேலையை விட்டு ஓட வேண்டும். மாலை நேரப் பரிசோதனையே இல்லாததால் தம்பி முதல் வேலையை இழந்தான். இரண்டாம் மாதம் ஒருமுறை சறுக்கியபோது, நீதிபதி அவனைச் சிறைக்குத் திருப்பி அனுப்பாமல் வாராந்திர அமர்வுகளை இரட்டிப்பாக்கினார். அதற்கு என் நன்றி உண்டு.

ஐந்துக்கு மூன்று தருகிறேன். உங்கள் வீட்டில் ஒருவர் இப்பிரிவில் இருந்தால், விடுதலைத் தேதி தெரிந்த அன்றே ஒரு வார மாத்திரை, வெளிமைய மருத்துவருடனான சந்திப்புத் தேதி, போதைமருந்து மிகையால் மூச்சு தடைபடும்போது மூக்கில் அடிக்கும் நலோக்சோன் மருந்து ஆகிய மூன்றையும் எழுத்தில் கேளுங்கள். நாங்கள் கேட்கத் தெரியாமல் இருந்துவிட்டோம்.